'ஜகர்நாட்' என்றால் என்ன?

இங்கிலாந்தில் ராட்சத லாரியைப் பேச்சு வழக்கில் 'ஜகர்நாட்' என்கிறார்கள். சொல் பிறந்தது நம் நாட்டில்தான். ஒடிசாவின் பூரி ஜகந்நாதர் பெயரே அப்படித் திரிந்தது.

அவருடைய தேருக்கு 16 சக்கரங்கள். உயரம் சுமார் 45 அடி. பக்தர்கள் சக்கரத்தடியில் விழுந்து மாய்வதாக மேல்நாட்டார் எழுதிப் பரப்பினார்கள். அதனால், எதிர்ப்பட்டதை நசுக்கிச் செல்லும் எதற்கும் அப்பெயர் வந்தது; பிறகு லாரிக்கும் ஒட்டிக்கொண்டது.

நம் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போட ஆள் உண்டு. அதிக பாரம் ஏற்றிய லாரிக்கு யார் போடுவது? சரக்கு அனுப்பும் நாம்தான். வாடகை மிச்சம் என்று கூடுதல் மூட்டை ஏற்றச் சொன்ன தவறை நாங்களும் செய்திருக்கிறோம். ஒருமுறை வண்டி சோதனையில் மாட்டி, மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு கொடுத்தோம்.

2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் ரூ. 20,000, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000; இறக்கும் செலவு தனி. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் பொறுப்பாளியே.

எடை பார்த்து ஏற்றுவோம். நம் சரக்கு எவரையும் நசுக்க வேண்டாம்.