டயாலிசிஸும் தொலைந்த தூக்கமும்

“ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல சார்.” டயாலிசிஸ் பிரிவில் இப்படிச் சொல்கிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது, “மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க” என்ற ஆறுதலோ, ஒரு தூக்க மாத்திரையோதான். கவலை இல்லாமலும் இல்லை. வேலை போயிருக்கும், கடன் ஏறியிருக்கும். ஆனாலும் சிறுநீரகம் செயலிழந்தவரின் தூக்கத்தைக் கெடுக்கும் காரணங்களில் பல உடம்புக்குள் இருப்பவை. கேட்டால், சோதித்தால் பிடிபடுபவை. எது என்று பாராமல் மாத்திரை எழுதித் தருவது சிலருக்கு ஆபத்தாகவே முடியும்.

கால் குடைச்சலை எடுத்துக்கொள்வோம். நோயாளியின் ஒரு கையில் இரண்டு தடித்த ஊசிகள். அந்தக் கையை அசைக்கக் கூடாது. நாலு மணி நேரம் படுத்தே கிடக்க வேண்டும். பாதி நேரம் கடந்ததும் ஆடுசதைக்குள் என்னவோ ஊர்வது போலவும் இழுப்பது போலவும் தொடங்கும். வலி என்றும் சொல்ல முடியாது, சும்மா வைத்திருக்கவும் முடியாது. கூட வந்த மனைவி கால்மாட்டில் நின்று அமுக்கி விடுவார். அமுக்கும் வரை சுகம். கையை எடுத்தால் மறுபடி ஆரம்பித்துவிடும். “போதும், மெஷினை நிறுத்திடுங்க” என்று கெஞ்சுகிறவர்கள் உண்டு. அரை மணி முன்னதாக எழுந்துவிட்டால் அந்த நேரத்தில் வெளியேற வேண்டிய நீரும் கழிவும் உடம்பிலேயே தங்கிவிடும். வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் இதே கதைதான், ஏனென்றால் இந்தக் குடைச்சல் மாலைக்கு மேல், ஓய்வாக இருக்கும்போதுதான் கூடும்.

ஸ்வீடன் நரம்பியல் மருத்துவர் எக்போம் 1945-ல் விரிவாக விவரித்த நோய் இது. மூளையில் இரும்புச்சத்துக் குறைவும், டோபமைன் என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டில் ஏற்படும் கோளாறும் இதன் பின்னணியில் இருப்பதாகக் கருதுகிறார்கள். டயாலிசிஸ் நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இது இருக்கிறது. இரும்பு அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் ஊசி வழியாக ஏற்றுவது முதல் வேலை. காபாபென்டின் போன்ற மாத்திரைகளும் உதவும். ஆனால் அது சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் மருந்து. மற்றவர்களுக்குத் தரும் அளவில் இவர்களுக்குத் தந்தால் குழப்பம், தள்ளாட்டம், கீழே விழுதல் வரை போகும். மருந்துக் கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாத மருந்துகளில் இதுவும் ஒன்று.

இன்னொரு சிக்கலையும் அதிகம் பேர் கவனிப்பதில்லை. சிறுநீரக நோயாளிகளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அதுவும் இரவில்தான் உச்சம். அதற்கு ஒவ்வாமைக்குத் தரும் பழைய ரக மாத்திரைகளை, தூக்கமும் வரட்டும் என்று எழுதித் தருவது வழக்கம். இந்த அரிப்புக்கு ஒவ்வாமை பெரும்பாலும் காரணமே இல்லை. அதோடு, அந்த மாத்திரைகள் கால் குடைச்சலைக் கூட்டவும் செய்யும்.

மூன்றாவது, மூச்சு. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதைப் பருமனானவர்களின் நோய் என்றே நினைத்திருக்கிறோம். டயாலிசிஸ் நோயாளிகளில் ஒல்லியானவர்களுக்கும் அது வருகிறது. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் மேல்நோக்கி நகர்ந்து கழுத்துப் பகுதியில் சேர்கிறது. தொண்டை வழி குறுகுகிறது. ரத்தத்தில் அமிலம் கூடுவதால் மூச்சை ஒழுங்குபடுத்தும் மூளையின் கட்டுப்பாடும் தடுமாறுகிறது. ஒவ்வொரு முறை மூச்சு நிற்கும்போதும் மூளை திடுக்கிட்டு விழிக்கும். காலையில் அது எதுவும் நினைவில் இருக்காது. “எட்டு மணி நேரம் படுத்தேன், ஆனாலும் அசதி” என்பதுதான் மிஞ்சும். இவர்களுக்குத் தசையைத் தளர்த்தும் தூக்க மாத்திரை கொடுத்தால் மூச்சுத் தடை இன்னும் மோசமாகலாம்.

தூக்கக்கேட்டின் காரணம் உடம்புக்குள் இருக்கிறது என்பதற்கு ஆணித்தரமான சான்று கனடாவின் டொரான்டோவிலிருந்து வந்தது. அங்கே 1994-ல் ராபர்ட் உல்டால் குழுவினர் நோயாளிகள் வீட்டிலேயே, தூங்கும்போதே, இரவு முழுக்க டயாலிசிஸ் செய்துகொள்ளும் முறையைத் தொடங்கினார்கள். வாரத்துக்கு மூன்று முறை நாலு மணி நேரம் என்பதற்குப் பதிலாக ஆறேழு இரவுகள், இரவுக்கு எட்டு மணி நேரம். இப்படி மாறிய 14 பேரின் தூக்கத்தை ஹான்லியும் பியராட்டோஸும் பதிவு செய்து 2001-ல் வெளியிட்டார்கள். மணிக்குச் சராசரியாக 25 முறை தடைபட்ட மூச்சு 8 முறையாகக் குறைந்தது. அவர்களில் மூச்சுத் தடை நோய் தெளிவாக இருந்த ஏழு பேருக்கு 46-லிருந்து 9 ஆனது. ரத்தம் நன்றாகச் சுத்தமானதும் மூச்சும் சீரானது என்றால், தூக்கக்கேட்டின் வேர் எங்கே இருக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பலருக்குக் கால் குடைச்சல் சில வாரங்களுக்குள் மறைந்துவிடுவதும் இதே திசையைத்தான் காட்டுகிறது.

மாத்திரை எவ்வளவு உதவும்? அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகள் 126 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்குத் தூக்கப் பழக்கங்களைச் சீராக்கும் உளவியல் சிகிச்சை, இன்னொரு பிரிவினருக்குத் தூக்கத்துக்குத் தரும் டிராசடோன் மாத்திரை, மூன்றாம் பிரிவினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டிராசடோன் எடுத்தவர்களுக்குக் கடுமையான இதயப் பாதிப்புகள்தான் கூடுதலாக இருந்தன.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். நல்ல சிறுநீரகம் அத்தனை மணி நேரமும் வேலை செய்கிறது. இயந்திரம் செய்வது 12 மணி நேரம். நம் ஊரில் செலவுக்குப் பயந்து வாரம் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு எட்டே மணி நேரம். இடையில் சேரும் நீர்தான் இரவில் தொண்டையை நெரிக்கிறது. ஆகவே உப்பையும் தண்ணீரையும் அளவோடு வைப்பது ரத்த அழுத்தத்துக்கு மட்டுமல்ல, தூக்கத்துக்கும் மருந்து. நீர் நீங்கிய பின் உடம்பு இருக்க வேண்டிய எடையை மருத்துவர் அவ்வப்போது மறுபடி கணிப்பதும் அப்படித்தான்.

எடை பார்க்கும்போதும் பிரஷர் எடுக்கும்போதும் நர்ஸ் கூடவே நாலு கேள்வி கேட்கலாம்: ராத்திரி கால் குடையுதா? அரிக்குதா? குறட்டை விடுவதாக, மூச்சு நிற்பதாக வீட்டில் சொல்கிறார்களா? மெஷினில் எவ்வளவு நேரம் தூங்கினீங்க? கடைசிக் கேள்வியும் முக்கியம். காலை ஷிஃப்டில் மூன்று மணி நேரம் அசந்து தூங்கியவருக்கு இரவில் உறக்கம் தள்ளித்தான் போகும். மூச்சைப் பற்றிய கேள்விக்கு நோயாளியைவிட, பக்கத்தில் படுப்பவரிடம்தான் சரியான பதில் இருக்கும். அவர் பெரும்பாலும் டயாலிசிஸ் அறைக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம்.