மயக்க மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை என்று முடிவானதும் வீட்டில் எல்லாமே ஓட்டமாகிவிடும். பயாப்சி முடிவு, ஸ்கேன், காப்பீட்டு அட்டை, துணைக்கு இருக்க யார் லீவு போடுவது என்று நாட்கள் கரையும். அறுவை செய்யப்போகும் மருத்துவரைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்து வைத்திருப்பார்கள். மயக்க மருந்து கொடுக்கப்போவது யார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. அவர் வருவார், ஆஸ்துமா உண்டா, சர்க்கரை உண்டா, ஆடும் பல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போவார். கண் விழித்த பிறகு அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு வலிக்கும் என்பது பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்களில்தான் தீர்மானமாகிறது.

வலியைப் பற்றிப் பேச நம் வீடுகளில் பழக்கமில்லை. "பிள்ளை பெத்த உடம்பு, இதைத் தாங்காதா?" என்று பார்க்க வருகிறவர்கள் ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். அந்த ஆறுதல் தீங்கு செய்கிறது. வலிக்கிறது என்று கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தால் தோள்பட்டை இறுகிப்போகும். பிறகு கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போகும்போது, கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துப் படுக்க வேண்டியிருக்கும். தூக்க வராத கைக்கு முதலில் பயிற்சி, பிறகுதான் சிகிச்சை. வலியைப் பொறுத்துக்கொண்டதன் விலையைப் புற்றுநோய் சிகிச்சையே கொடுக்க வேண்டியிருக்கிறது.

அறுவை முடிந்த முதல் நாள் வலியைப் பெருமளவு குறைக்க ஒரு வழி உண்டு. மருத்துவமனைகளில் அதை 'பிளாக்' என்பார்கள். மார்புக்கு உணர்வு தரும் நரம்புகள் முதுகெலும்பிலிருந்து கிளம்பி, விலா எலும்புகளின் இடுக்கு வழியாக முன்பக்கம் வருகின்றன. அவற்றைப் பாதையிலேயே சில மணி நேரம் மரத்துப்போகச் செய்வதுதான் பிளாக். அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசி முனையைப் பார்த்துக்கொண்டே, பூபிவகெய்ன் அல்லது ரோபிவகெய்ன் மருந்தைச் செலுத்துகிறார்கள். பல் பிடுங்கும்போது போடும் மரப்பு ஊசியின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் இவை. பொது மயக்கமும் வழக்கம்போல இருக்கும். பிளாக் அதற்குத் துணை.

முதுகெலும்பை ஒட்டிப் போடுவது பாராவெர்டிப்ரல் பிளாக். 1905-ல் ஜெர்மனியில் முயன்று பார்க்கப்பட்ட பழைய முறை. நடுவில் மறக்கப்பட்டு, 1979-க்குப் பின் மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. மார்புத் தசைகளின் இடையே போடும் 'பெக்ஸ்' பிளாக் 2011-லும், முதுகுத் தசைக்கு அடியில் போடும் எரெக்டர் ஸ்பைனே பிளாக் 2016-லும் அறிமுகமாயின. அறுவைக்குப் பிந்தைய வலிக்கான 'புராஸ்பெக்ட்' என்ற சர்வதேச நிபுணர் குழு, மார்பகப் புற்றுநோய் அறுவைக்கான 2020-ம் ஆண்டுப் பரிந்துரையில் பாராவெர்டிப்ரல் பிளாக்கை முதலில் வைத்தது. பெக்ஸ் பிளாக் அதற்கு மாற்று. கூடவே பாராசிட்டமால் போன்ற மாத்திரைகளையும் விடாமல் தரச் சொன்னது. பெரிய அறுவைக்கு, அதிலும் அக்குளில் நிணநீர் நெறிகளை எடுக்கும்போது, பிளாக் கூடுதலாகக் கைகொடுக்கும். சிறு கட்டியை மட்டும் எடுப்பவர்களுக்குக் காயத்தைச் சுற்றிப் போடும் மரப்பு ஊசியே போதுமானதாக இருக்கலாம்.

பிளாக் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எட்டு நாடுகளில் 2,100-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2019-ல் 'லான்செட்' இதழில் வந்தது. பாராவெர்டிப்ரல் பிளாக் போட்டவர்கள், போடாதவர்கள் என இரு பிரிவிலும் சுமார் 10 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. ஆறு மாதம் கழித்து, இரு பிரிவிலுமே பாதிப்பேருக்குக் காயத்தில் வலி இருந்தது. பிளாக்கின் நிச்சயமான பலன் முதல் நாளுக்கானது: வலி குறைவு, மார்ஃபின் வகை மருந்துகளின் தேவை குறைவு, அவை கிளப்பும் வாந்தியும் குறைவு. அதுவே பெரிய விஷயம்தான்.

ஆபத்துகள் அரிதானவை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். பாராவெர்டிப்ரல் பிளாக்கில் ஊசி நுரையீரல் உறையைத் துளைத்துவிடக்கூடும். ரத்த அழுத்தம் இறங்கலாம். மருந்து தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் உதடு மரப்பு, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், வலிப்பு, இதயத் துடிப்பு தடுமாற்றம் வரை போகலாம். அதற்கு முறிமருந்தாகத் தரும் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் அறுவை அரங்கிலேயே தயாராக இருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், பல் மருத்துவரிடம் மரப்பு ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் இயல்பானது. சட்டம் நோயாளியின் பக்கம் நிற்கிறது. பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோதே தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், தானே முடிவெடுக்கும் திறனுள்ள வயது வந்தவருக்காக வேறொருவர் தரும் சம்மதம் செல்லாது. சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழிகள், முக்கிய ஆபத்துகள், மறுத்தால் என்ன ஆகும் என்பதை எல்லாம் சொல்லித்தான் சம்மதம் பெற வேண்டும். கணவரோ மகனோ கையெழுத்திட்டுக் கொடுத்து, சிகிச்சை பெறப்போகிறவர் கட்டிலில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் காட்சி நமக்குப் பழகியது. அந்தக் கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும். பிளாக் வேண்டாம் என்று மறுப்பதும் அவர் உரிமையே.

வீடு திரும்பியதும் ஒரு சிக்கல் காத்திருக்கும். ஒருமுறை போட்ட பிளாக் சில மணி நேரம் முதல் சுமார் ஒரு நாள் வரை தாங்கும்; பிறகு, சிலருக்கு நள்ளிரவில், வலி சட்டென்று எழும். மரப்பு இருக்கும்போதே, எழுதிக் கொடுத்த மாத்திரையை நேரம் தவறாமல் போட்டுக்கொண்டால் அந்த இரவு கடினமாகாது. மரத்த இடத்தில் வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது, சுடுவது தெரியாது.

அறுவை முடிந்து மூன்று மாதம் கழித்தும் எரிச்சல், சுரீரென்ற வலி, மேற்கையின் உட்புறத்தில் மரமரப்பு இருந்தால் அது கற்பனை இல்லை. டென்மார்க்கில் 3,253 பெண்களிடம் கேட்டு 2009-ல் வெளியான ஆய்வில், அறுவைக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் 47 சதவீதம் பேர் வலி இருப்பதாகச் சொன்னார்கள். இளம் வயதினருக்கும் அக்குள் நெறிகள் அகற்றப்பட்டவர்களுக்கும் இது அதிகம். நரம்பு வலிக்கென்று தனி மருந்துகள் உண்டு, வலி சிகிச்சைப் பிரிவுகளும் உண்டு. புதிதாகக் கட்டியோ வீக்கமோ தென்பட்டால் முதலில் புற்றுநோய் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

சிகிச்சையில் தவறு நடந்ததாகச் சந்தேகம் வந்தால், முதல் வேலை மருத்துவப் பதிவுகளை எழுத்தில் கேட்பது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. மருத்துவரின் நடத்தை குறித்த புகாரை மாநில மருத்துவக் கவுன்சிலிடமும், கட்டணம் வாங்கும் மருத்துவமனை மீதான இழப்பீட்டுக் கோரிக்கையை நுகர்வோர் ஆணையத்திடமும் கொண்டுபோகலாம். பின்னதற்கு இரண்டு ஆண்டு வரம்பு. பதிவுகளைக் கேட்கும்போது டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு நின்றுவிடாமல், மயக்க மருந்துப் பதிவுத் தாளையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு, எந்த நேரத்தில், யார் கொடுத்தார்கள் என்பது அந்தத் தாளில்தான் இருக்கும்.