ஓடும் வாடி – 7: மாவனல்லையில் ஒரு இரவு

வறக்காப்பொலையில் வாங்கிய தலகுளி கேகாலை வருமுன்பே தீர்ந்துபோனதைப் போன கிழமை எழுதியிருந்தேன். கேகாலையில் மழை பிடித்துக்கொண்டது. உதுவன்கந்தை மலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் திரைதான் தொங்கியது. மாவனல்லைக்கு வந்து சேர்ந்தபோது மாலை ஆறரை. ஸ்டியரிங்கில் இருந்த மச்சான் வைப்பரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“இந்த மழையில கடுகண்ணாவ ஏற ஏலாது அத்தான். இங்கயே நிப்பாட்டுவோம்.”

அவர் சொன்னால் சரிதான். மழைக்காலத்தில் அந்த ஏற்றத்தில் மண்ணும் கல்லும் எப்போது சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்து மலைகளைப் பற்றித் தெரியாதவர்கள் அறநாயக்கவை நினைத்துக்கொள்ளலாம். மாவனல்லையிலிருந்து சற்று உள்ளே போனால் வரும் ஊர். 2016 மே 17ஆம் திகதி சாமசர மலை இறங்கி மூன்று கிராமங்களை மூடியது அங்கேதான்.

இந்தக் கிழமைதான் தொடரைக் கையில் எடுத்தவர்களுக்காக எங்கள் வண்டியைப் பற்றி இரண்டு வரி. பழைய டொல்பின் வேன். பின்னால் இருந்த சீற்றுகளைக் கழற்றிவிட்டு, ஊர்த் தச்சர் ஒருவரைக் கொண்டு பலகைக் கட்டில் அடித்திருக்கிறோம். கட்டிலுக்கு அடியில் கேஸ் அடுப்பு, தண்ணீர்க் கேன், இரண்டு சட்டி, ஒரு துருவலை, பாய், குடை. வெளிநாடுகளில் இதையே லட்சக்கணக்கில் செலவழித்து, குளியலறை, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் வைத்துச் செய்கிறார்கள். நிறுத்துவதற்கென்றே தண்ணீரும் மின்சாரமும் உள்ள திடல்களும் அங்கே உண்டு. இங்கே அப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் வீட்டைத் தூக்கிக்கொண்டு பயணம் போவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. சிவனொளிபாத மலைக்கும் கதிர்காமத்துக்கும் போகிற வேன்களின் கூரையைப் பாருங்கள்: அரிசி மூட்டை, சோற்றுப் பானை, தேங்காய், விறகு. ஆற்றங்கரை கண்ட இடத்தில் அடுப்பு மூட்டி, குளித்து, தின்று, அங்கேயே பாயை விரிப்பார்கள்.

தொடரின் பெயரும் அங்கிருந்துதான் வந்தது. கடலோரத்தில் மீனவர் போடும் தற்காலிகக் குடிசை வாடி. வெள்ளைக்காரன் பாதை போட்டு, பயணிகள் தங்க இடைக்கிடை கட்டிய விடுதிகளை நம்மவர்கள் வாடி வீடு என்றார்கள். அம்பேபுஸ்ஸையில் உள்ளது நாட்டின் மிகப் பழைய வாடி வீடுகளில் ஒன்று. எங்களுடைய வாடி ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ஓடுகிற வாடிக்கும் இரவில் நிற்க ஓர் இடம் வேண்டுமே. எண்ணெய் நிலையம் ஒன்றில் கேட்டோம், முடியாது என்றார்கள். மகா ஓயாப் பாலத்துக்குக் கிட்ட, சின்னத் தேத்தண்ணிக் கடை ஒன்று திறந்திருந்தது. பிளேன்டீ குடித்துக்கொண்டே மச்சான் மெல்லக் கதை தொடுத்தார். கடைக்கார நானாவுக்கு எழுபது வயதிருக்கும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கதவைத் திறந்து கட்டிலைப் பார்த்தார். கேஸ் சிலிண்டரை மட்டும் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார்.

“குடும்பமா வந்தீக்கிறீங்களா?”

“ஓம் நானா. அக்காவும் பிள்ளையும் உள்ளுக்கு.”

“அப்ப ஏன் ரோட்டுல நிக்கிற? கடைக்குப் பின்னால எடம் ஈக்கி. குழாய்த் தண்ணியும் ஈக்கி. போடுங்க வண்டிய.”

வாடகை என்று பேச்சே எடுக்கவில்லை. மகளுக்கு ஒரு வாழைப்பழச் சீப்பும் வந்து சேர்ந்தது.

மழை விட்ட பிறகு டோர்ச் லைட்டுடன் பாலத்தைப் பார்க்க இறங்கினேன். கொழும்பு – கண்டி வீதியில் ஆயிரம் தடவை போனவர்களும் இந்தப் பாலத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். மேலே போகும்போது அது வெறும் வீதிதான். பக்கவாட்டில் கரைக்கு இறங்கினால்தான் தெரியும்: ஆற்றுக்குக் குறுக்கே நான்கு வளைவுகள், எல்லாம் செங்கல். 1832இல் வேலை தொடங்கி 1833இல் திறந்தார்கள். பார்த்துப் பார்த்து அடுக்கிய செங்கல்லின் இடுக்குகளில் பாசியும் பன்னமும் முளைத்திருக்கின்றன. ஒரு கொள்கலன் லொறி மேலே ஏறியபோது வளைவின் அடியில் கையை வைத்துப் பார்த்தேன். லேசான ஓர் உறுமல் உள்ளங்கையில் ஏறியது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. மாட்டு வண்டிக்குக் கட்டியது, இன்றைக்கு லொறியைத் தாங்குகிறது. அதற்குக் கீழே ஓடுகிற ஆறுதான் பாவம். மகா ஓயாவில் மணல் அள்ளி அள்ளிப் படுகையே தாழ்ந்துபோனது நாடறிந்த கதை.

இந்த வீதி ஏன் பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1815இல் கண்டி வீழ்ந்தது. ஆனால் 1817, 1818இல் ஊவாவில் கிளம்பிய எழுச்சியை அடக்க ஆங்கிலேயன் பட்ட பாடு கொஞ்சமல்ல. காட்டுப் பாதையில் பீரங்கியை இழுத்துக்கொண்டு மலை ஏறுவதற்குள் ஆட்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். எட்வர்ட் பார்ன்ஸ் ஆளுநராக வந்ததும் முதல் வேலையாகப் பாதையைப் பிடித்தார். திட்டம் போட்டவர் இராணுவப் பொறியியலாளர் கப்டன் டோசன். வெட்டியவர்கள் இராஜகாரியம் என்ற பெயரில் கூலியில்லாமல் பிடித்து வரப்பட்ட ஊர்மக்கள். அந்தக் கட்டாய ஊழியம் 1832இல்தான் ஒழிந்தது. அதே 1832இல் இந்தப் பாதையில் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் குதிரை வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே முதலாவது என்று பெருமையாகச் சொல்வார்கள். கல் சுமந்தவர்களைப் பற்றி ஒருவரும் பெருமையாகச் சொல்வதில்லை.

பீரங்கிக்குப் போட்ட பாதையில் கொஞ்ச நாளிலேயே கோப்பி இறங்கியது. கண்டி மலைகளின் கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டியில் கொழும்புக்கு. கொழும்பிலிருந்து அரிசியும் பணமும் மேலே. வண்டி ஏறும் இடத்தில் கள்ளனும் ஏறுவான். உதுவன்கந்தை சரதியேல் அப்படித்தான் வந்தான். பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தான் என்று ஊர் இன்றைக்கும் கதை சொல்கிறது. மலையடிவாரத்தில் அவன் பெயரில் ஒரு கிராமக் காட்சியகமே இருக்கிறது. அவனுடைய உயிர்த் தோழன் மம்மலே மரிக்கார் என்ற முஸ்லிம் இளைஞன். 1864 மார்ச் 21ஆம் திகதி மாவனல்லையில் ஒரு வீட்டில் இருவரையும் பொலிஸ் வளைத்துப் பிடித்தபோது நடந்த சண்டையில் கான்ஸ்டபிள் சபான் இறந்தார். அவர் மலாய் இனத்தவர். கடமையில் உயிர்விட்ட முதலாவது இலங்கைப் பொலிஸ்காரர் அவர்தான்; மார்ச் 21 இன்றும் பொலிஸ் வீரர் தினம். சரதியேலையும் மம்மலேயையும் அதே வருடம் மே 7ஆம் திகதி கண்டியில் ஒன்றாகவே தூக்கிலிட்டார்கள்.

அந்த இரவு நானாவிடம் இதைக் கேட்டேன். அவர் சரதியேலைப் பற்றி அதிகம் பேசவில்லை. வேறொரு மே மாதத்தைப் பற்றிப் பேசினார். 2001 மே மாதம் மாவனல்லையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அப்போது அவருடைய கடை சந்திக்குக் கிட்ட இருந்ததாம். “அது போனதுக்குப் பொறகுதான் ஆத்தோரம் வந்தது” என்றார். பிறகு கேத்தலைக் கழுவப் போய்விட்டார். நானும் மேலே கேட்கவில்லை.

காலையில் வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. மாவனல்லையிலிருந்து ஹிங்குல வரைக்கும் வீதியின் இரண்டு பக்கமும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். பலகைகளில் இலக்கங்கள் போட்டிருப்பார்கள். வெள்ளைக்காரப் பயணிகளை ஏற்றிவரும் வேன்கள் வரிசையாக நிற்கும். இத்தனை வருடம் தாண்டிப் போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. இந்த முறை போனோம். வாசலில் நின்ற தம்பி எங்களைக் கண்டதும் ஆங்கிலத்தில் வரவேற்றார். பதில் வராததால் சிங்களத்துக்கு மாறினார். மகள் “அப்பா, இது என்ன மரம்?” என்று கேட்டதும் மூன்றாவது கியர் விழுந்தது. “வாங்க அங்கிள், இது சாதிக்கா.”

அந்தச் சாதிக்காய்க்காகவே உள்ளே போனது வீண்போகவில்லை. மஞ்சள் நிறத்தில், சின்னக் கொய்யா மாதிரிப் பழம். தம்பி பேனாக்கத்தியால் சுற்றி ஒரு கோடு இழுத்துத் திருகினார், இரண்டாகப் பிளந்தது. வெள்ளைச் சதைக்கு நடுவே கறுப்பாகப் பளபளக்கும் கொட்டை, அதன்மேல் இரத்தச் சிவப்பில் வலை பின்னியது போல வசவாசி. மகள் தொட்டுப் பார்த்து, விரலை மோந்து, பிறகு நக்கியும் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அன்றைக்கு முழுக்க அவள் விரலில் அந்த வாசம் போகவில்லை. கறுவா உரிப்பதைக் காட்டினார்கள். கராம்புப் பூவை, மிளகுக் கொடியை, ஏலத்தை, வனிலாவை, கொக்கோவை.

யோசித்துப் பார்த்தால் இந்தத் தோட்டத்தில் நம்முடைய மண்ணுக்கே சொந்தமானவர்கள் சிலர்தான். கறுவா நம்முடையது. சாதிக்காயும் கராம்பும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்தவை, வனிலா மெக்சிக்கோக்காரி, கொக்கோவும் அந்தக் கடலைத் தாண்டித்தான் வந்தது. அவ்வளவு ஏன், கேகாலை, இரத்தினபுரி மலைகளையெல்லாம் மூடி நிற்கிற றப்பரே பிரேசில் மரம். இலண்டன் கியூ பூங்கா வழியாகக் கன்றுகளாக வந்து, 1876இல் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொட தோட்டத்தில் ஊன்றப்பட்டது. எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் விடியலுக்கு முன்னே எழும்பிப் பால் வெட்டி, சிரட்டையில் ஏந்திய என் தாத்தாவும் கடல் தாண்டி வந்தவர்களின் பிள்ளைதான். தாத்தாவை ‘வந்தான்’ என்றார்கள். றப்பரை அப்படிச் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை.

சரி, தோட்டத்துக்கு வருவோம். சுற்றிப் பார்க்கக் காசில்லை. காசு எங்கே என்பது கடைசியில்தான் தெரியும். ஓர் ஓலைக் கொட்டிலில் உட்காரவைத்து, மூலிகைத் தேத்தண்ணி கொடுத்து, என் தோள்பட்டையில் ஏதோ எண்ணெயைத் தேய்த்தார்கள். மூட்டு வலி, முடி உதிர்வு, சர்க்கரை வியாதி எல்லாவற்றுக்கும் குப்பி இருந்தது. விலையைக் கேட்டதும் தோள்பட்டை தானாகவே சரியாகிவிட்டது. மச்சானைத் தனியாகக் கூப்பிட்டு, ஆட்களைக் கூட்டி வந்தால் சாரதிக்கு ஒரு பங்கு உண்டு என்று சொன்னார்களாம். ஒரு பைக்கற் கறுவா மட்டும் வாங்கினோம். மரங்களைக் காட்டப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். மிளகும் கராம்பும் வேண்டுமானால் மாவனல்லைக் கடைத்தெருவில் வாங்குங்கள்.

ஹிங்குல தாண்டி, கணேதென்னையில் ஏற்றம் தொடங்குகிறது. மச்சான் இரண்டாம் கியருக்கு இறங்கினார். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தாக்கு கொஞ்சம் கொஞ்சமாக அகன்றது. தூரத்தில் மேசைமேல் விரித்து வைத்த புத்தகம் மாதிரி பத்தலேகல. வெள்ளைக்காரன் அதற்கு பைபிள் பாறை என்று பெயர் வைத்தான். பள்ளத்துக்கு அந்தப் பக்கச் சரிவில் ரயில் பாதை. இறம்புக்கணையிலிருந்து 45 அடிக்கு ஓர் அடி வீதம் ஏறுகிறது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்ததும் கோப்பி மாட்டு வண்டிகளின் காலம் முடிந்தது. சரதியேல் மூன்று வருடம் முந்திவிட்டான்.

கடுகண்ணாவப் பாறைக் குடைவுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். மலையைத் துளைத்துப் பாதை வந்தால் கண்டி இராச்சியம் விழும் என்று ஒரு நம்பிக்கை இருந்ததாகச் சொல்வார்கள். கணக்கு ஒத்துவரவில்லை, கண்டி விழுந்த பிறகுதான் பாறையைத் துளைத்தார்கள். இருந்தாலும் அந்தக் குளிர்ந்த குடைவுக்குள் நின்று பார்த்தால், உளி விழுந்த தடங்களைத் தொட்டால், கதையை நம்பத் தோன்றுகிறது. இப்போது வாகனங்கள் பாறைக்கு வெளியே புதுப்பாதையில் போகின்றன. உள்ளே ஆட்கள் நின்று படம் எடுக்கிறார்கள்.

மேலே டோசன் கோபுரம். 1829இல் டோசன் இறந்துபோக, 1832இல் அவர் நினைவாக எழுப்பினார்கள். உயரம் 125 அடி. அதற்குக் கிட்டத்தான் எனக்குப் பிடித்த இடம், கடுகண்ணாவ அம்பலம். கற்றூண், ஓட்டுக் கூரை, நான்கு பக்கமும் திறப்பு. ஏற்றம் ஏறி வந்தவர்கள் சுமையை இறக்கி, வெற்றிலை போட்டு, படுத்துறங்கிப் போன மடம் அது. பக்கத்தில் நின்று தூரியான் விற்ற அம்மாவிடம் கழிப்பறை எங்கே என்று என் மனைவி கேட்டார். ஏதாவது சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கேட்கச் சொன்னார் அவர்.

மத்திய அதிவேகப் பாதையில் மீரிகம – குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறந்தாயிற்று. அது கண்டி வரை வந்து முடியும்போது இந்த ஏற்றத்தில் ஏறுகிறவர்கள் ஆறுதலாகப் போகிறவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்காக, வீதிக்குப் பொறுப்பானவர்களிடம் ஒரு வேண்டுகோள். இருநூறு வருடத்துக்கு முன் இந்த மலையில் நடந்து வந்தவனுக்கு இரவு தங்க ஒரு கூரை இருந்தது. கணேதென்னையில் ஒன்றும் கடுகண்ணாவ உச்சியில் ஒன்றுமாக, பத்து வண்டி நிற்கக் கூடிய இடமும் ஒரு தண்ணீர்க் குழாயும் சுத்தமான ஒரு கழிப்பறையும் கட்டிக்கொடுங்கள். காசு வாங்கினாலும் பரவாயில்லை, தருகிறோம்.

(அடுத்த கிழமை: பேராதனை)