அழுத்திப் பார்க்கும் விரல்

2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்தார். அடுத்த சில நாட்களில் பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையில் வெளிநோயாளிகள் வரிசை வழக்கத்தைவிட நீண்டது. "தினமும் ஜிம்முக்குப் போனவருக்கே இப்படின்னா, நம்ம கதி என்ன?" என்கிற பயம் பலரையும் பிடித்து உலுக்கியிருந்தது.

பரிசோதித்து, பயமில்லை என்று தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சிலருக்கு அது முடிவதில்லை. ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல், டிரெட்மில் நார்மல். ரிப்போர்ட் ஃபைல் தடித்துக்கொண்டே போகும். இடது மார்பின் குத்தல் மட்டும் போகாது. "ஒண்ணுமில்லப்பா, டென்ஷன்தான்" என்று டாக்டர் அனுப்பிவைப்பார். எனக்குச் சண்டை இந்த வாக்கியத்தோடுதான். வலியோடு வந்தவனிடம் ஒன்றுமில்லை என்றால் அவன் அடுத்த டாக்டரைத் தேடித்தான் போவான். வலி நிஜம். அது இதயத்தில் இல்லை என்றால் வேறு எங்கே இருக்கிறது என்று அவனுக்கு யாராவது சொல்ல வேண்டாமா?

பல நேரம் அது நெஞ்சுக்கூட்டின் சுவரில் இருக்கிறது. விலா எலும்புகள் நேராக நெஞ்செலும்பில் போய் ஒட்டுவதில்லை. நடுவே குருத்தெலும்பு இருக்கிறது. அந்த இணைப்பு புண்பட்டு வலிப்பதற்கு மருத்துவத்தில் காஸ்டோகான்ட்ரைடிஸ் என்று பெயர். விடாத இருமல், கனமான சிலிண்டரைத் தூக்கியது, நாள் முழுக்க லேப்டாப்பின் முன் கூனி உட்கார்ந்தது என எதிலிருந்தும் அது தொடங்கலாம். காரணமே தெரியாமலும் வரலாம். வலிக்கிற இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடியும், அழுத்தினால் வலி கூடும், இருமினாலும் புரண்டு படுத்தாலும் சுருக்கென்று இழுக்கும். கை சுளுக்கினால் கட்டுப் போட்டு ஓய்வு கொடுக்கலாம். இந்த மூட்டுக்கு ஓய்வே கிடையாது. நிமிடத்துக்கு 15 முறை மூச்சு விடுகிறோம் என்று வைத்தால், ஒரு நாளில் 21,600 முறை அது அசைகிறது. அதனால்தான் ஆற வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது.

இத்தோடு பயம் சேரும்போதுதான் சிக்கல். பயந்தவன் வயிறு அசையாமல் மேல்மார்பால் மட்டும் வேகவேகமாக மூச்சு விடுவான். விலாவுக்கு இடையிலுள்ள தசைகள் இறுகி வலி கூடும். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல்கள் மரத்துப்போகும், தலை லேசாகச் சுற்றும். கை மரத்ததுமே "இதேதான் அது" என்று முடிவு கட்டிவிடுவான். அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும். வலி இன்னும் இருக்கிறதா என்று பார்க்க விரல் தானாக அந்த இடத்துக்குப் போகும். ஏற்கெனவே புண்பட்ட குருத்தெலும்பை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அழுத்தினால் அது எப்படி ஆறும்?

இது செல்போன் காலத்து வியாதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களில் பலர் நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல் என்று மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்களைப் பரிசோதித்த ஜேக்கப் மெண்டஸ் டா காஸ்டா 1871இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். இதயத்தில் பழுது ஒன்றும் தென்படவில்லை, ஆனால் அவர்கள் நடிக்கவும் இல்லை. முதல் உலகப் போரிலும் அதே புகார்கள் திரும்ப வந்தன. செல்போன் செய்ததெல்லாம், நள்ளிரவு இரண்டு மணிக்கும் மாரடைப்பு அறிகுறிகளைப் படிக்க வசதி செய்து கொடுத்ததுதான்.

நம் ஊரில் இதற்கு நேர்மாறான பழக்கமும் உண்டு. உண்மையான மாரடைப்பையே "கேஸ்தான்" என்று சொல்லி சோடா குடித்துவிட்டுப் படுக்கிறவர்கள். நடந்தால் வந்து நின்றால் குறைகிற வலி, நெஞ்சில் பாரம் ஏற்றியதுபோல் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவுதல், குப்பென்று வியர்வை, மூச்சு வாங்கல் ஆகியவற்றில் எது வந்தாலும் யோசிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே பெரிதாகத் தெரியாமலும் மாரடைப்பு வரலாம். தொட்டால் வலிக்கிறது என்பதை மட்டும் வைத்து இதயம் நன்றாக இருக்கிறது என்று வீட்டிலேயே தீர்மானிக்கக் கூடாது. முதல் ஈசிஜி நார்மலாக இருந்தும் பிறகு டிரோபோனின் ரத்தப் பரிசோதனையில் மாரடைப்பு தெரியவருவது உண்டு. ஆகவே முதலில் ஒரு முறை முழுமையாகப் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

அந்த ஒரு முறையோடு நிறுத்துவதுதான் கஷ்டம். "இன்னொரு எக்கோ எடுத்துட்டா நிம்மதியா இருக்கும்" என்று தோன்றும். எடுத்தால் நிம்மதி வரும்தான். இரண்டு நாளில் அது கரைந்து, அடுத்த பரிசோதனைக்கு மனசு அரிக்கத் தொடங்கும். இந்தப் பயத்துக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது. அதில் செய்வது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. அழுத்திப் பார்க்கத் தோன்றும்போது அரை மணி நேரம் தள்ளிப்போடுவது, பிறகு ஒரு மணி நேரம். கூகுளில் தேடுவதை நிறுத்துவது. "எனக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்று மனைவியிடம் பத்தாவது முறை கேட்காமல் இருப்பது. மனைவிக்கும் இதில் பங்கு உண்டு: "ஆகாதுங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிச் சொல்லி அந்தக் கேள்வியை வளர்க்காமல், "டாக்டர் சொன்னதுதான், வாங்க நடந்துட்டு வருவோம்" என்று பேச்சை மாற்றலாம். டாக்டர் சம்மதித்தால் நடையை விட வேண்டாம். பயத்தில் படிக்கட்டு ஏறாமல் இருந்தவர்களுக்குப் படிக்கட்டு ஏறுவதே மருந்து. தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாத்திரையும் தருவார். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

வலிக்கு வெந்நீர் ஒத்தடமும் சில நாள் பாராசிட்டமாலும் பலருக்குப் போதும். வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் வேறு வலி மாத்திரைகளை மருந்துக்கடையில் கேட்டுத் தாங்களாக விழுங்கக் கூடாது. மனநல மருத்துவரிடம் நேரில் போகத் தயங்குகிறவர்கள் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.