ஆழம் பார்த்துக் காலை வைப்போம்

ஊரை விட்டு வந்து பிழைக்கும் குடும்பங்களுக்கு ஒரு தனிக் கவலை உண்டு. சொந்த ஊரில் தொழில் நொடித்துப் போனால் தாங்கிக்கொள்ளச் சுற்றத்தார் இருப்பர். ஒண்டிக்கொள்ள ஒரு வீடும் இருக்கும். இங்கோ மாதம் தவறாமல் வரும் சம்பளமே நமக்குச் சுற்றமும் வீடும். அச்சம்பளத்தைத் துறந்து மென்பொருள் தொழில் தொடங்க விழையும் இளைஞர் நியூ டவுனில் நம்மவரிடையேயும் உள்ளனர். அவர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் பயன்படுமென்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம். நாம் மெட்ரிகுலேஷன் வரையே படித்த ரயில்வே எழுத்தர். மென்பொருள் எழுதும் கலை அறியோம். ஆயினும், பயணச்சீட்டுக் கொடுக்கும் இடத்தில் பல்லாண்டு அமர்ந்தவர்க்கு, மக்கள் எதற்குப் பணம் கொடுப்பர், எதற்குக் கொடார் என்பது ஓரளவு புலப்படாமற் போகாது.

சென்ற ஆண்டு துர்கா பூஜை முடிந்த ஒரு மாலைப்பொழுதில், இங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் நம் தம்பி, "அண்ணா, வேலையை விட்டுவிடலாமென்று இருக்கிறேன்" என்றான். நாம் திடுக்கிட்டுக் காரணம் கேட்டோம்.

"நாள்தோறும் எத்தனை வங்காளிகள் காட்பாடிக்குச் சீட்டுக் கேட்டு வருகிறார்கள் என்று நீங்களே சொல்வீர்களே! வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகும் அவர்களுக்குத் தமிழ் தெரியாது. தங்குமிடமும் மொழிபெயர்ப்பாளரும் கைப்பேசியிலேயே கிடைக்கும்படி ஒரு செயலி செய்யப் போகிறேன்" என்றான்.

அவன் கூறியதில் பொய்யில்லை. 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவச்சாலை இன்று பெரிய மருத்துவமனையாக விளங்குகின்றது. அதனை நாடி வங்காளத்திலிருந்து செல்வோர் மிகப் பலர். ஆனால் அவன் திட்டத்துக்குத் தன் சேமிப்பு முழுவதும் வேண்டும்; போதாமற் போனால் நமது சேமநல நிதியிலும் கை வைக்கவேண்டும். அதுவரை வாய் திறவாதிருந்த நம் இல்லாள், "இதற்குக் காசு கொடுப்பார்களா என்று யாரையாவது கேட்டீர்களா, தம்பி?" என்று வினவினாள். "கேட்டேன் அண்ணி. எல்லாரும் 'கூப் பாலோ', மிக நன்று என்கிறார்கள்" என்றான் அவன்.

'மிக நன்று' என்னும் சொல்லுக்கு விலையில்லை. இவ்வுண்மையைக் காட்ட ஒரு மெய்யான வரலாறு உண்டு. 2005-ஆம் ஆண்டு தீபாவளிக்கு ஊர் செல்லப் பேருந்துச் சீட்டுக் கிடைக்காமல் பெங்களூரில் அலைந்தார் பணீந்திர சாமா என்னும் பொறியாளர். அவரும் இரு நண்பர்களும் சேர்ந்து, பேருந்து முதலாளிகள் தம் இருக்கைகளைக் கணக்கிட உதவும் மென்பொருள் ஒன்றைச் செய்தனர். முதலாளிகளோ அதனை வாங்க முன்வரவில்லை. அதன்பின்னரே நண்பர்கள் மறுவழி கண்டனர். ஒரு முதலாளியிடம் ஐந்தே இருக்கைகளைப் பெற்று, அவற்றைப் பயணிகளுக்கு விற்றுப் பார்த்தனர்; அலுவலகங்களின் வாயிலில் நின்று சிற்றட்டைகளை விநியோகித்தனர். இருக்கைகள் விற்றன. 2006-இல் இவ்வாறு தொடங்கிய ரெட்பஸ் பின்னர் நாடெங்கும் பரவியது. வேண்டாதது மென்பொருள், வேண்டியது சீட்டு என்பதை அவர்களுக்கு உணர்த்தியவை அவ்வைந்து இருக்கைகளே அன்றோ!

அமெரிக்காவில் டுரூ ஹூஸ்டன் என்பவர், தமது டிராப்பாக்ஸ் யாவருக்கும் திறந்துவிடப்படுமுன், 2008-இல் அது இயங்கும் விதத்தைச் சிறியதொரு படமாக்கி வெளியிட்டார். காத்திருப்போர் பட்டியல் ஓரிரவிலேயே 5,000-இலிருந்து 75,000 ஆயிற்று. இதுவும் நல்ல சோதனையே. எனினும் ரயில்வேயின் காத்திருப்போர் பட்டியல் இதனினும் உறுதியானது என்போம். ஏனெனில், அங்கே பெயர் மட்டும் கொடுத்தனர். இங்கோ முழுக் கட்டணத்தையும் முன்னரே செலுத்திவிட்டுக் காத்திருக்கின்றனர். 2020 செப்டம்பரில், காத்திருப்போர் மிகுந்த தடங்களைத் தேர்ந்து 'குளோன்' ரயில்கள் விடப்பட்டதும் இப்பட்டியலை நம்பியே. பெயர் கொடுத்தவர் வேறு. பணம் கட்டியவர் வேறு.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்து, "செயலி எழுதுமுன் நீயே செயலியாக இருந்து பார்" என்றோம். தம்பி இசைந்தான். வங்காளியில் ஒரு துண்டறிக்கை அச்சிட்டான். வேலூர் புறப்படவிருந்த குடும்பங்களை நண்பர் மூலம் தேடிச் சந்தித்தான். தங்குமிடம் பார்த்துத் தருவதும், தொலைபேசியில் மொழிபெயர்ப்பதும் அவனே. கட்டணம் இருநூறு ரூபாய். பயன்படாவிடில் திருப்பித் தரப்படும். இரண்டு மாதத்திற்குள் இருபது குடும்பங்கள் பணம் கட்டாவிடில் திட்டத்தைக் கைவிடுவதென்று, தொடங்குமுன்னரே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமும் இட்டான்.

தவணை முடிந்தது. பாராட்டியோர் பலர்; பணம் கட்டியோர் இருவர். ஏனையோரை விசாரித்தபோது காரணம் விளங்கிற்று. மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிக்காரரும் கடைக்காரரும் நெடுநாளாகவே வங்காளி பேசக் கற்றுவிட்டனர். பலகைகளும் வங்காளியில் தொங்குகின்றன. மீன் குழம்புச் சோறும் கிடைக்கின்றது. முன்னர்ச் சென்று வந்த உறவினரே மற்றதையெல்லாம் சொல்லிவிடுகின்றனர். பணம் கட்டிய இருவரும் தனியே செல்லும் முதியோர். அவர்கள் நாடியது செயலியை அன்று. வரிசையில் உடன் நிற்க ஓர் ஆளை. காட்பாடிச் சீட்டுக்கு நின்ற கூட்டம், தம்பியின் செயலிக்கு நின்ற கூட்டமன்று என்பதை நாமும் அன்றுதான் உணர்ந்தோம்.

தம்பி சில நாள் முகம் வாடியிருந்தான். ஆனால் அவன் இழந்தது சில ஞாயிற்றுக்கிழமைகளும் அச்சுக்கூலியுமே. வேலை இருக்கின்றது, சேமநல நிதியும் கலையவில்லை.

இளைஞர்களே! தொழில் தொடங்கவேண்டாமென்று நாம் கூறவில்லை. உங்கள் எண்ணம் தீர்க்கவிருக்கும் தொல்லைக்காக மக்கள் இன்றே பணமோ பொழுதோ செலவிடுகின்றனரா என்று முதலில் பாருங்கள். சிலருக்கேனும் அவ்வேலையைக் கையாலேயே செய்து கொடுங்கள். விலையை வாய்விட்டுக் கூறிக் கேளுங்கள்; உற்றார் உறவினரின் புகழ்ச்சியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எந்த எல்லையில் நிறுத்துவதென்பதை முன்னரே எழுதி வையுங்கள். முன்பணம் வாங்கினால், தொழில் நடவாதபோது மறவாமல் திருப்பிக் கொடுங்கள். பெற்றோர்களும் "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் தடுக்காமல், "எத்தனை பேர் பணம் கட்டினர்?" என்று கேட்பார்களாக.

நம் தம்பியின் மேசையில் இப்பொழுது வேறொரு துண்டறிக்கை கிடக்கின்றது. அதன் அடியில் கட்டணமும் தவணையும் எழுதப்பட்டுள்ளன. அதனைப் பார்த்தபோது நமக்கு அச்சம் தோன்றவில்லை.