குறுக்கெழுத்துப் புதிர்களைச் சேர்த்து வைப்போம்

ஞாயிறு மலர் கைக்கு வந்ததும் நீங்கள் முதலில் புரட்டுவது எந்தப் பக்கத்தை? அரசியலா, சினிமாவா, ராசிபலனா? பென்சிலைத் தேடிக்கொண்டு நேராகக் குறுக்கெழுத்துப் பக்கத்துக்குப் போகிறவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

குறுக்கெழுத்தில் பல வகை உண்டு. 'யானையின் வேறு பெயர்' என்று நேராகக் கேட்பது ஒரு வகை. சொல்லுக்குள்ளே சொல்லை ஒளித்து வைப்பது இன்னொரு வகை. இதைப் பாருங்கள்: 'முழுதாய் இருந்தால் நோய் தீர்க்கும்; நடுவை இழந்தால் மயக்கும்' (4 எழுத்து). விடை மருந்து. நடு எழுத்துகள் இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது மது! இந்தச் சுவையை ஒருமுறை கண்டவர்கள் பிறகு விடமாட்டார்கள்.

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. காளமேகப் புலவரின் சிலேடையும் இதே இனம்தான். தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில் அக்கரச்சுதகம் என்று ஒன்று உண்டு. ஒரு சொல்லில் எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கி, வேறு வேறு பொருள் வரச் செய்வது அது. சுழிகுளம் என்பது வரிக்கு எட்டு எழுத்தாக நான்கு வரியில் அமைந்து, எப்படிச் சுழன்று படித்தாலும் அதே பாட்டாக வருவது. கட்டம் போட்டு விளையாடும் இந்த ஆசை தமிழில் மிகப் பழையது.

இன்றைய குறுக்கெழுத்து அமெரிக்காவில் பிறந்தது. ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' ஏட்டில் அதை வெளியிட்டார். 1924இல் சைமன் அண்டு ஷுஸ்டர் நிறுவனம் புதிர்களைத் தொகுத்து, கூடவே ஒரு பென்சிலையும் இணைத்துப் புத்தகமாகப் போட்டது. அன்று தொடங்கி ஆங்கிலத்தில் தொகுப்புகளுக்குப் பஞ்சமே இல்லை.

தமிழில் கதை வேறாகப் போயிற்று. 1930களில் 'ஆனந்த விகடன்' போன்ற இதழ்கள் பரிசுப் போட்டியாக இதை நடத்தின. பின்னாளில் இந்தியாவில் பரிசுப் பணம் பெருகப் பெருக, பல போட்டிகள் அறிவை விட்டு அதிர்ஷ்டத்தை நம்பும் சூதாட்டமாயின. மாதம் ரூ.1,000க்கு மேல் பரிசு கூடாது என்று இந்திய அரசு 1955இல் சட்டம் கொண்டுவந்தது. பரிசுக்காக வாங்கிய தாளைப் பரிசு முடிந்ததும் யார் வைத்திருப்பார்கள்? கடலை மடிக்கத்தான் போயிருக்கும்.

சொல்லை ஒளித்து வைக்கும் வகையைத் தேடுவோருக்கு ஒரு நல்ல இடம் உண்டு. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள் வந்திருக்கின்றன. பழைய இதழ்களைப் பிள்ளைகளிடம் சொல்லி இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் போகும்போது புத்தகக் கடையிலும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். கோலாலம்பூர் துன் ரசாக் சாலையில் தேசிய நூலகம் இருக்கிறது. நாட்டில் அச்சாகும் நூல், ஏடுகளின் பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்பது 1986ஆம் ஆண்டுச் சட்டம். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியமோ 'தமிழ் முரசு' பழைய பிரதிகளை மின்வடிவில் வைத்திருக்கிறது.

இருந்தாலும், உங்களுக்குப் பிடித்த புதிர்களின் தொகுப்பு உங்கள் வீட்டிலேயே உருவாவதுதான் சிறப்பு. 1924இல் பிறந்த 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனதை நாம் கண்டோம். மேரு, காப்பார் பக்கத்துத் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தை விட்டு வீடு மாறும்போது சட்டி பானை வந்து சேரும். பழைய தாள் வந்து சேராது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. புதிரை வெட்டும்போதே ஏட்டின் பெயர், தேதி இரண்டையும் ஓரத்தில் எழுதுங்கள். அடுத்த வாரம் வரும் விடையையும் வெட்டிப் பின்பக்கத்தில் ஒட்டுங்கள். விடையில்லாத புதிர் பாதிப் புதிர்தான். மாவுப் பசை வேண்டாம், பூச்சி அரிக்கும். இரும்புப் பின்னும் வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் துருப்பிடிக்கும்; ஊசிநூலால் தைத்துவிடுங்கள். கட்டங்களைப் பென்சிலால் நிரப்பினால், அழித்துவிட்டு அடுத்த பிள்ளையும் போடலாம். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் இன்னும் பத்திரம்.

'இந்தக் குப்பையைச் சேர்த்து என்ன பயன்?' என்று வீட்டில் கேட்டால், கோட்டையூர் ரோஜா முத்தையாவின் கதையைச் சொல்லுங்கள். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த அவர், ஏறக்குறைய 1 லட்சம் நூல்களையும் இதழ்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின், அந்தச் சேகரிப்பைக் கொண்டே 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது.

தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு 247 எழுத்தும் மனப்பாடமாக இருக்கலாம். அவற்றோடு விளையாடவும் பழகினால்தான் மொழி நாக்கில் தங்கும். இன்று இரவு சாப்பாடு ஆனதும் இதைக் கேட்டுப் பாருங்கள்: 'பசுவும் தரும், சீவிய மரமும் தரும், வள்ளுவர் மூன்று தந்தார்' (2 எழுத்து).

(விடை: பால்)