கரிகாலனைக் கொன்றது யார்?

சென்ற மாதம் நம் சங்க நூலகத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் 'பொன்னியின் செல்வ'னைப் பற்றிப் பேசினோம். காபி ஆறுவதற்குள் சபை மூன்று கட்சியாகிவிட்டது!

கல்கி 1950 முதல் 1954 வரை தம் வார இதழில் தொடராக எழுதிய ஐந்து பாகக் கதை அது. காதலும் சதியுமாக ஓடும் அந்தக் கதையின் பெரிய முடிச்சு, கடம்பூர் மாளிகையில் நடக்கும் ஆதித்த கரிகாலன் கொலை. பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. "நானே கொன்றேன்" என்கிறாள் மணிமேகலை. பெரிய பழுவேட்டரையரோ குற்றத்தைத் தம் தலையில் போட்டுக்கொள்கிறார். உண்மையில் கொன்றவர் யார் என்று கல்கி அடித்துச் சொல்லவே இல்லை.

"அவ்வளவு தூரம் அழைத்துப் போய்விட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டாரே!" என்றார், ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர். "சொல்லியிருந்தால் இன்று நாம் இப்படிப் பேசிக்கொண்டிருப்போமா?" என்று கேட்டார் ஒரு மாமி. "உத்தம சோழன்தான். சரித்திர ஆசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரே சந்தேகப்பட்டிருக்கிறார்" என்றார் மூன்றாமவர். "சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்துவிட்டாரே!" என்று உடனே பதில் வந்தது.

நான் பதினைந்து வயது முதல் முதல் கட்சி. போன கோடை விடுமுறையில்தான் கட்சி மாறினேன்.

என் மகள் பத்தாம் வகுப்பு. வீட்டில் தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. இந்த நாவலையும் ஆங்கிலத்தில்தான் படித்தாள். ஊருக்குப் போனபோது அவளைக் காட்டுமன்னார்கோயிலுக்கு அழைத்துப் போனேன். கதையின் தொடக்கத்தில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற வீரநாராயண ஏரி, இன்றைய வீராணம், அங்கேதான் இருக்கிறது. அதே ஊரில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், இந்தக் கொலையைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுடைய உறவினரின் நிலமும் பறிமுதல் ஆனது.

கல்லில் இருந்தது தமிழ்தான். ஆனால் பழைய எழுத்து. எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. என் மகள் சிரித்தாள். "எனக்கு எல்லாத் தமிழும் இப்படித்தாம்ப்பா இருக்கு" என்றாள். சுருக்கென்றது.

கல்வெட்டில் உள்ளதை நான் விளக்கியதும் ஒரு கேள்வி கேட்டாள்: "பேரெல்லாம் இருக்கு. ஏன் கொன்னாங்க, யார் சொல்லிக் கொன்னாங்கன்னு இல்லையே?"

அறிஞர்கள் மோதிக்கொண்டதும் அந்த இடத்தில்தான். கல்கி நினைத்திருந்தால் ஒருவரைக் கைகாட்டிக் கதையை முடித்திருக்கலாம். சாட்சி இல்லாமல், சரித்திரத்தில் வாழ்ந்த ஒரு மனிதர் மேல் கொலைப் பழி போட அவருக்கு மனம் வரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இத்தனை நாள் அவரைக் கோபித்துக்கொண்டது என் தவறு.

திரும்பி வந்ததும் முதல் பாகத்தை மகளிடம் கொடுத்தேன். தினம் இரவு அரைப் பக்கம், எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். ஏரிக்கரையைத் தாண்டவே மூன்று வாரம் ஆயிற்று. கடம்பூர் போய்ச் சேர எத்தனை வருஷமோ! போகட்டும், அவசரமில்லை.

வாசகர்களே, நீங்கள் எந்தக் கட்சி? எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும், தமிழில், இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.